பிக்கப் வண்டிக்குப் படி: அழகுக்கா, முழங்காலுக்கா?

ஃபுட்போர்டு என்றதும் தமிழ் வாசகருக்கு டவுன் பஸ்தான் கண்ணில் வரும். உள்ளே "படியில் நிற்காதீர்" என்று எழுதியிருக்கும், வெளியே பத்துப் பேர் தொங்கிக்கொண்டிருப்பார்கள். அமெரிக்காவில் ஏறக்குறைய இதே சமாசாரத்துக்கு ரன்னிங் போர்டு என்று பெயர். அங்கே அதில் யாரும் தொங்குவதில்லை. பிக்கப் டிரக் வாங்குகிறவர், கம்பெனியிலேயே போட்டு வந்தால் சரி, இல்லையென்றால் சில நூறு டாலர் முதல் ஆயிரம் டாலருக்கு மேல் வரை கொடுத்துத் தனியாக வாங்கி மாட்டிக்கொள்கிறார். எதைப் பார்த்து வாங்குகிறார் என்பதில்தான் வம்பு. கறுப்பா, குரோமா? பெரிய டயருக்கு எடுப்பாக இருக்குமா? பக்கத்து வீட்டுக்காரர் போட்டிருப்பதைவிடத் தடிமனா? இதையெல்லாம் அலசி ஆராய்கிறார்கள். அதில் கால் வைத்து ஏறப்போகிறவர் யார் என்ற கேள்வி மட்டும் கடைசியில் வருகிறது. பல சமயம் வருவதே இல்லை.

ஒரு காலத்தில் இந்தப் படி வண்டியோடு பிறந்தது. 1908 முதல் 1927 வரை தயாரான ஃபோர்டு மாடல் டி காரில், முன் மட்கார்டிலிருந்து பின் மட்கார்டு வரை நீளமான பலகை இருக்கும். 1925-ல் ஃபோர்டு அதே மாடல் டி-யில் பின்பக்கம் பெட்டி வைத்து பிக்கப்பாக விற்றபோதும் பலகை கூடவே வந்தது. பிறகு 1930-களின் கடைசியிலும் 1940-களிலும் கார்களின் உடல் அகலமாகித் தாழ்ந்தது. ஒரே எட்டில் உள்ளே போய்விடலாம் என்று ஆனதும் பலகை மறைந்தது. நியாயம்தான். ஆனால் பிக்கப்புகள் மறுபடியும் வளர ஆரம்பித்தபோது பல வண்டிகளில் படி தானாகத் திரும்பி வரவில்லை. காசு கொடுத்தால் வரும் உதிரிச் சாமானாகத்தான் வந்தது!

இந்த உயரம் எவ்வளவு என்று புரிய வீட்டு மாடிப்படியோடு ஒப்பிட்டால் போதும். அமெரிக்காவில் பரவலாகப் பின்பற்றப்படும் வீட்டுக் கட்டுமான விதிகளின்படி, மாடிப்படி ஒன்றின் உயரம் 7¾ அங்குலத்தைத் தாண்டக் கூடாது. ஃபோர்-வீல் டிரைவ் பிக்கப் ஒன்றின் கேபின் தரை, நிலத்திலிருந்து 24 அங்குலம் என்று வைத்துக்கொண்டால், அது மூன்று மாடிப்படி உயரம். இதை ஒரே தாவலில் ஏறு என்று எழுபது வயதுக்காரரிடம் சொல்கிறது வண்டி. வீட்டில் இப்படி ஒரு படி கட்டினால் இன்ஸ்பெக்டர் இடிக்கச் சொல்வார்.

சரி, படி போட்டாயிற்று, பிரச்சினை தீர்ந்ததா? அங்கேதான் ஏமாற்றம். அழகுக்காகச் செய்யப்பட்ட பல குழாய்ப் படிகள் கதவுக்கு அடியோடு ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. அதே 24 அங்குலக் கணக்கில், படி 19 அங்குலத்தில் இருந்தால், முதல் அடி 19, இரண்டாவது 5. கஷ்டமான அடி அப்படியே இருக்கிறது, சுலபமான அடி ஒன்று கூடுதலாகச் சேர்ந்திருக்கிறது. படி 12-ல் இருந்தால் இரண்டும் பாதிப் பாதி. ஆகவே படியைப் பற்றிக் கேட்கவேண்டிய முதல் எண், மாட்டிய பிறகு தரைக்கும் அதற்கும் உள்ள தூரம். விளம்பரங்களில் நீளம் இருக்கும், குழாயின் விட்டம் இருக்கும், 300 பவுண்டு தாங்கும், 500 பவுண்டு தாங்கும் என்று இருக்கும். இந்த ஒரு எண்ணைத் தேடித்தான் பிடிக்கவேண்டும்.

அடுத்தது கால் வைக்கும் இடம். நெர்ஃப் பார் என்கிற குழாய் வகைக்குப் பெயரே பந்தயக் கார்களிலிருந்து வந்தது. பக்கத்து வண்டிச் சக்கரம் வந்து மாட்டிக்கொள்ளாமல் தடுக்கும் கம்பி அது. கால் வைக்க அல்ல, இடி தாங்கப் பிறந்த பொருள். மூன்று அங்குல உருண்டைக் குழாயில், ரப்பர் பட்டை இருக்கும் இடத்தில் மட்டும்தான் கால் நிற்கும். கண்ணால் பார்த்து, குறி வைத்து ஏறவேண்டும். டெக்சாஸில் மகன் வீட்டுக்கு ஆறு மாதம் தங்க வந்திருக்கும் ஒரு தமிழ் அம்மாவை நினைத்துப் பார்க்கலாம். புடவைக் கொசுவம் முன்னால் மறைக்க, அவருக்குத் தன் பாதமே தெரியாது. ஒரு கையில் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்திருப்பார். மூன்று உறுப்புகள் எப்போதும் வண்டியைத் தொட்டபடி ஏறவேண்டும் என்று லாரி ஓட்டுநர்களுக்குச் சொல்லித் தருவார்கள். இவருக்குக் கைப்பிடியைப் பிடிக்க மிஞ்சியிருப்பது ஒரே கை. அவருக்குத் தேவை, தடவிப் பார்த்தாலே பாதத்துக்குச் சிக்குகிற, ஆறு அங்குலமாவது அகலமுள்ள, சொரசொரப்பான தட்டைப் பலகை. மகனுக்குப் பிடித்ததோ பளபளக்கும் குழாய். ஏறுவதைவிட இறங்கும்போதுதான் வினை. பின்னால் கால் தேடுகிறவருக்கு அந்தப் பளபளப்பு எதற்கும் உதவாது.

அகலத்துக்கும் ஒரு விலை உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆறடி மனிதர் படியில் கால் வைக்காமல் நேராக இறங்கும்போது, சேறு படிந்த பலகை அவர் பேன்ட்டின் பின்பக்கத்தைத் துடைத்துவிடும். இது அவருக்குப் பெரிய மனக்குறை. சலவைக்குப் போட்டால் தீர்ந்துவிடும் குறை.

துரு விஷயம் ஊரைப் பொறுத்தது. அரிசோனாவில் இருப்பவர் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம். மிச்சிகன், ஒஹையோ பக்கம் பனிக்காலத்தில் சாலையில் உப்பைக் கொட்டுவார்கள். வேடிக்கை என்னவென்றால், கார்களின் தலைநகரான டெட்ராய்ட்டுக்கு அடியில் ஆயிரம் அடிக்கும் கீழே ஒரு உப்புச் சுரங்கம் இருக்கிறது. மேலே வண்டி, கீழே அதைத் தின்னும் உப்பு! பவுடர் கோட்டிங் செய்த சாதா இரும்பில் ஒரு கல் தெறித்தால் போதும், அங்கிருந்து துரு கிளம்பும். ஸ்டெயின்லெஸ் என்று எழுதியிருந்தாலும் எந்த ரகம் என்று கேட்கவேண்டும். 304 ரகம் உப்பை ஓரளவு தாங்கும், 409 அவ்வளவு தாங்காது. கையில் ஒரு காந்தம் இருந்தால், பலமாக ஒட்டுவது 304 அல்ல என்று கடையிலேயே தெரிந்துவிடும். அலுமினியம் துருப்பிடிக்காது, ஆனால் அதற்கும் சிக்கல் உண்டு. 2015 மாடலிலிருந்து ஃபோர்டு எஃப்-150-ன் உடலே அலுமினியம். அதில் இரும்பு பிராக்கெட்டை நேரடியாக முடுக்கினால், உப்புத் தண்ணீர் படப்பட, இரும்பு தப்பித்து அலுமினியம் அரிக்கும். நடுவில் வாஷரோ பூச்சோ இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

கதவைத் திறந்ததும் தானே இறங்கி, மூடியதும் மடங்கிக்கொள்ளும் மோட்டார் படிதான் முழங்காலுக்கு உத்தமம். நிற்கும்போது தாழ்வாக இறங்கலாம், ஓடும்போது தரையில் இடிக்காது. ஆனால் அதன் கீல்களில் சேறும் பனிக்கட்டியும் இறுகினால், ஜனவரி மாதக் காலையில், எதன் தேவைக்காக வாங்கினாரோ அந்த நாளில், அது இறங்க மறுக்கலாம். உறைபனி ஊரில் முதியவரை ஏற்றிப் போகிறவருக்கு, ஒவ்வொரு கதவுக்கும் நேராக வளையம்போல் தாழத் தொங்கும் நிலையான படியே மேல். பார்க்க அவ்வளவு லட்சணமாக இருக்காது.

காட்டுப்பாதையில் பாறை மேல் ஏறுகிறவர்களுக்கு இந்த வாதம் பொருந்தாது. அவர்களுக்குத் தாழ்ந்த படி முதல் பாறையிலேயே நசுங்கும். அவர்கள் வாங்கவேண்டியது சேஸியில் பொருத்தி, வண்டியின் எடையையே தாங்கும் ராக் ஸ்லைடர். அது வேறு சாமான். ஆனால் ஒன்று, பாறைக்கென்று வாங்கிய எத்தனை வண்டிகள் சூப்பர் மார்க்கெட் பார்க்கிங்கைத் தாண்டியிருக்கின்றன?

ஆர்டர் கொடுக்கும் முன் இரண்டு கதவா, நான்கு கதவா, டீசல் வண்டியென்றால் எக்ஸாஸ்ட் திரவத் தொட்டி பக்கவாட்டில் தொங்குகிறதா என்று பார்க்கவேண்டும். அதற்கேற்ப பிராக்கெட் மாறும். ஆனால் அதற்கும் முன்னால், வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, அப்பாவையோ பாட்டியையோ கூப்பிட்டு, ஒரு மரப்பெட்டியைப் போட்டு ஏறச் சொல்லலாம். கைப்பிடியைப் பிடித்தபடி, யாரும் முதுகில் கை கொடுக்காமல் அவர் ஏறுகிற உயரத்தை டேப்பால் அளந்து ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு, பிறகு கடைக்குப் போகலாம்.