கம்பெனி கைவிட்ட பாடகர்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 'கண்ட்ரி' என்று வழங்கும் நாட்டுப்பாங்கான சங்கீதத்தில் பெரும்புகழ் படைத்த ஜானி காஷ் என்பவருக்கு 1986-ஆம் வருஷத்தில் வயது 54. அவ்வருஷத்திலேதான், 28 வருஷ காலமாக அவர் பாட்டுக்களைத் தட்டுக்களாக்கி விற்று வந்த கொலம்பியாக் கம்பெனியார், முடிவுற்ற ஒப்பந்தத்தை இனிப் புதுப்பிப்பதில்லை என்று தீர்மானித்தனர். கம்பெனியார் செய்தது நியாயமோ என்று அந்நாட்டுச் சங்கீத அபிமானிகள் நெடுநாள் வாதாடினர். அவ்வாதத்தில் சொல்லப்படாத சில விஷயங்களை நம் கலாசாலை அன்பர்கள் முன்பு வைப்பதே எமது கருத்து. முதுமை எய்திய பாடகர் எவருக்கும் அடுத்த வேளைப் பிழைப்பு எங்கே என்னும் கேள்வி அதில் அடங்கியிருத்தலின், கடல் கடந்த கதை நமக்கு எதற்கு என்று எவரும் தள்ளிவிடார் என நம்புகின்றோம்.

காஷ் என்பவர் 1932-ஆம் வருஷம் ஆர்க்கன்ஸாஸ் மாகாணத்துக் கிங்ஸ்லண்ட் என்னும் சிற்றூரில் ஏழைக் குடியானவர் வீட்டிற் பிறந்தவர். வறுமைப்பட்ட குடும்பங்களுக்கு அரசாங்கத்தார் அமைத்த டையெஸ் என்னும் குடியேற்றத்திற் பருத்தி பறித்து வளர்ந்தார். விமானப் படையிற் சேர்ந்து ஜெர்மனியில் தந்திக் குறிப்புக்களைக் கேட்டெழுதும் வேலை பார்த்தார். திரும்பி வந்து மெம்பிஸ் நகரத்தில் வீடு வீடாய்ச் சென்று வீட்டுச் சாமான்கள் விற்றார். அவ்வூர்ச் 'சன்' கம்பெனியின் முதலாளியாகிய ஸாம் பிலிப்ஸிடம் முதன்முதலிற் சென்றபோது, தாம் தேவகீதங்கள் பாட விரும்புவதாகச் சொன்னாராம். அவை விலைபோகமாட்டா என்று முதலாளி மறுத்துவிடவே, வேறு பாட்டுக்கள் பாடி 1955-இல் முதல் தட்டை வெளியிட்டார். 1958-இற் கொலம்பியாவுக்கு மாறிய காரணங்களுள் தேவகீதம் பாட அங்கு இடங்கிடைத்தமையும் ஒன்று. 1968-ஆம் வருஷம் ஜனவரி மாதத்திற் கலிபோர்னியாவிலுள்ள பால்ஸம் சிறைச்சாலைக்குச் சென்று, கைதிகள் முன்பு பாடி, அவர்கள் ஆரவாரத்தையும் சேர்த்துத் தட்டிற் பதிப்பித்தார். மறுவருஷம் ஸான் குவெண்டின் சிறையிற் பாடிய தொகுப்பு நாடு முழுவதும் விற்பனையில் முதலிடம் பெற்றது. 1980-இல் அவ்வகைச் சங்கீதத்தின் கீர்த்தி மண்டபத்தில் அவர் பெயர் பொறிக்கப்பட்டபோது, அம்மரியாதையை உயிருடன் பெற்றவர்களுள் அவரே மிக இளையவர். இத்தகையவரைத்தான் ஆறு வருஷங்களுக்குள் வேண்டாம் என்றனர்.

கம்பெனியார் பக்கத்து நியாயத்தையும் சொல்லவேண்டும். எண்பதுகளில் அவர் தட்டுக்கள் விற்கவில்லை. அவர் உடலும் நல்ல நிலையில் இல்லை. 1981-இல் அவர் தம் சொந்தத் தோட்டத்தில் வளர்த்த நெருப்புக்கோழியொன்று அவரை உதைத்து விலா எலும்புகளை முறித்துவிட்டது. கேட்போர் நகைப்பர், ஆயினும் மெய். நோவு தீர உண்ட மருந்து, இளமையில் அவரைப் பிடித்தாட்டிய மாத்திரைப் பழக்கத்தை மறுபடியும் எழுப்பிற்று. 1984-இல் அவர் பாடிய வேடிக்கைப் பாட்டொன்றில், அவருடைய மூளையை எடுத்து ஒரு கோழிக்கு வைத்துவிட்டதாகக் கதை வருகின்றது. நாமும் அதனைக் கேட்டோம். அப்பாட்டிற்காகவே ஒரு கம்பெனி ஒருவரை அனுப்பிவிடலாம் என்று யாரேனும் வாதித்தால், அவரோடு வாதாட எமக்கு மனமில்லை.

நிற்க. தட்டுக் கம்பெனியின் வியாபாரம் இன்னதென்று தெரியாமல் இவ்விஷயத்திற் பேசுதல் வீண். கம்பெனியார் பதிவுச் செலவுக்கும் பாடகரின் கைச்செலவுக்கும் முன்பணம் கொடுக்கின்றனர். தட்டு விற்றபின் பாடகருக்குச் சேரவேண்டிய பங்கிலிருந்து அம்முன்பணத்தைக் கழித்துக்கொள்கின்றனர். கழிந்தபின் மிஞ்சினாற்றான் பாடகர் கையிற் காசு விழும். தட்டை அச்சடித்துக் கடைகளுக்கு அனுப்புதலும், வானொலி நிலையத்தாரைக் கண்டு பேசி ஒலிபரப்பச் செய்தலும் கம்பெனியின் வேலைகள். இவ்வளவுக்கும் ஈடாக, மூலப் பதிவு பெரும்பாலும் கம்பெனியாரின் உடைமையாகின்றது. பாடகர் விலகினாலும் அது விலகுவதில்லை. ஆதலின் 'கம்பெனி பாடகரைக் கைவிட்டது' என்னும் வாக்கியம் பாதி உண்மையே. பாடகரின் வரப்போகும் குரலைக் கைவிட்டது. இளமைக் குரலைக் கைவிடவில்லை. பால்ஸம் சிறைத் தொகுப்பு 1986-க்குப் பின்னரும் அவர்கள் சரக்காகவே இருந்தது.

ஒப்பந்தம் முடிந்தபின் அதனைப் புதுப்பிக்க எவரும் கடமைப்பட்டவரல்லர். கம்பெனி தருமசத்திரமன்று என்பதை ஒப்புகின்றோம். எம்முடைய வழக்கு அவர்கள் கொடுத்த தீர்ப்பின்மேல். 'இவர் காலம் முடிந்தது' என்பது அத்தீர்ப்பு. 1985-இலேதான் வில்லி நெல்ஸன், வேலன் ஜென்னிங்ஸ், கிரிஸ் கிரிஸ்டாபர்ஸன் ஆகிய மூவருடன் காஷ் சேர்ந்து பாடிய 'ஹைவேமன்' அதே கொலம்பியாவின் முத்திரையுடன் தன் வகையில் முதலிடம் பெற்றது. ஜனங்கள் அக்குரலை வெறுத்துவிடவில்லை என்பதற்கு இதனினும் வேறு சாட்சி வேண்டுவதில்லை. குரல் பழுதுபடவில்லை, குரலுக்கு உடுத்திய உடை பொருந்தவில்லை. இளையவர் பாணியில் வாத்தியங்களை அடுக்கி அக்கனத்த சாரீரத்தை மூடினர். அவர் நாற்பது வருஷம் நெஞ்சிற் சுமந்த பாட்டுக்கள் எவை என்று கேட்டவர் இலர்.

பின்பு அவர் மெர்க்குரி என்னும் கம்பெனியிற் சேர்ந்து, 1991 வரையிற் சில தொகுப்புக்கள் வெளியிட்டார். அவற்றைக் கேட்டவர் சிலரே. மிஸ்ஸௌரி மாகாணத்துப் பிரான்ஸன் என்னும் ஊர், சுற்றுலாக் கூட்டத்திற்கு முதிய பாடகர்கள் தம் பழைய பாட்டுக்களை நாள்தோறும் பாடிக்காட்டும் இடம். அங்கும் சென்று பாடினார், நாற்காலிகள் நிரம்பவில்லை. இதனிடையே, கொலம்பியா விலக்கிய அதே 1986-இற் பவுல் அப்போஸ்தலரைப்பற்றி அவர் எழுதிய நாவலொன்று வெளிவந்தது. கைத்தொழில் நின்றபோது மற்றொன்றிற் கைவைக்கும் ஊக்கம் அவரிடம் இருந்தது என்பதற்காக இதனைச் சொன்னோம்.

1993-இல் ரிக் ரூபின் என்பவர் கலிபோர்னியாவில் ஒரு கச்சேரி முடிவில் அவரை வந்து கண்டார். ரூபினுக்கு அப்பொழுது முப்பதை ஒட்டிய வயது, நீண்ட தாடி, அதுவரையில் அவர் பதிப்பித்தவை பெரும்பாலும் 'ராப்' பாட்டும் காதைப் பிளக்கும் 'ராக்' சங்கீதமுமே. காஷுக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம் என்று பலர் வியந்தனர். ரூபின் செய்தது மிக எளிது. முதியவரைத் தம் வீட்டுக் கூடத்தில் உட்கார வைத்து, கையில் ஒரு கித்தாரைக் கொடுத்து, 'உங்களுக்குப் பிரியமானவற்றைப் பாடுங்கள்' என்று கேட்டுக்கொண்டிருந்தார். பெரும்பாலும் அவ்விதம் பதித்த 13 பாட்டுக்கள் 1994-இல் தொகுப்பாய் வெளிவந்தன. மறுவருஷம் அதற்குக் கிராமி பரிசு கிடைத்தது. 1996-இல் வந்த அடுத்த தொகுப்புக்கும் 1998-இல் அப்பரிசு கிடைத்தது. வானொலி நிலையத்தார் அத்தொகுப்பை ஒலிபரப்பாதிருந்தமையால், ரூபினின் கம்பெனியார் வியாபாரப் பத்திரிகையொன்றில் முழுப்பக்க விளம்பரமிட்டு, அவர்கள் செய்த 'உதவிக்கு' நன்றி கூறினர். அதனுடன் அச்சிட்ட படத்தின் விவரத்தை எழுதுதல் கலாசாலைப் பத்திரிகைக்குத் தகாது.

இக்கதையைக் கேட்டவர் பலர், 'உண்மையான திறமை எப்படியும் மேலே வரும்' என்று சொல்லி மன ஆறுதல் அடைகின்றனர். இதனை நாம் முற்றிலும் மறுக்கின்றோம். ரூபின் அன்றிரவு வேறோர் ஊரில் இருந்திருப்பின் என்ன ஆகியிருக்கும்? மிஸ்ஸிஸிப்பி ஜான் ஹர்ட் என்னும் கறுப்பினப் பாடகரின் சரித்திரம் இக்கேள்விக்கு விடை. ஓக்கே என்னும் கம்பெனியார் 1928-இல் அவரை மெம்பிஸுக்கும் நியூயார்க்குக்கும் அழைத்துப் பாட்டுக்களைப் பதித்தனர். தட்டுக்கள் அதிகம் விற்கவில்லை. விரைவில் வந்த பொருளாதார மந்தம் அவ்வியாபாரத்தையே சாய்த்தது. ஹர்ட் தம் ஊராகிய அவலானுக்குத் திரும்பி, வயலில் வேலை செய்து வாழ்ந்தார். முப்பத்தைந்து வருஷங்கள் கழிந்தபின், 1963-இல், சங்கீத ஆர்வமுள்ள வாலிபர் ஒருவர் அப்பழைய தட்டிற் கேட்ட ஊர்ப்பெயரைக் கொண்டு வழி தேடிச் சென்று அவரைக் கண்டார். அவ்வருஷமே நியூபோர்ட் சங்கீத விழாவில் அம்முதியவர் பாடியதைக் கேட்டோர் வியந்தனர். விரல் நயமும் குரலின் இனிமையும் அப்படியே இருந்தன. 1966-இல் அவர் காலமானார். 35 வருஷம் ஊமையாயிருந்து மூன்று வருஷம் பாடியதைத் திறமையின் வெற்றி என்று சொல்ல எமக்கு நா எழவில்லை. தம் பாட்டில் ஊர்ப்பெயரை வைக்காத ஹர்ட்டுகள் எத்தனை பேரோ!

இக்காலத்திற் கம்பெனியே வேண்டுவதில்லை, எவரும் தம் பாட்டைத் தாமே பதித்து இணையத்தின் வழியே உலகெங்கும் அனுப்பலாம் என்று நம் மாணவர்கள் சொல்வர். அதில் உண்மையுண்டு. பதிவுக்கருவி விலை குறைந்தது. கடைக்கு அனுப்பும் செலவு இல்லை. ஆயினும் எழுபது வயதுப் பாடகர் கருவியையும் கணக்கையும் விளம்பரத்தையும் தாமே நடத்தவேண்டும் என்பது, முதிய தச்சரை மரமும் நீரே வெட்டிக்கொள்ளும் என்பதுபோல் இருக்கின்றது. தவிர, கோடிக்கணக்கான பாட்டுக்கள் குவிந்த இடத்தில் ஒருவரை ஒருவர் தேடிக் கண்டெடுத்தல் அவலானைத் தேடிப் போனதினும் எளிதன்று. ரூபின் கொடுத்தது பணம் மாத்திரமன்று. எதிரில் அமர்ந்து பொறுமையாய்க் கேட்கும் ஒரு ஜோடிக் காது. அதனை எந்தக் கருவியும் கொடுப்பதாகத் தெரியவில்லை.

சட்டத்தினாற் செய்யக்கூடியவையும் சில உண்டு. அமெரிக்காவில் வானொலி நிலையத்தார் ஒரு தட்டை ஒலிபரப்பினால், பாட்டை இயற்றியவருக்குப் பணம் சேரும். பாடியவருக்கு ஒன்றும் சேராது. நெடுங்கால வழக்கமாகிய இவ்வநீதியால், பிறர் இயற்றியதைப் பாடிப் புகழ்பெற்ற முதியவர், தம் குரலை ஊரெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கும்போதே வெறுங்கையராய் இருக்க நேர்கின்றது. காஷ் தாமே பாட்டியற்றுபவராதலின் ஓரளவு தப்பினார். நம் இந்தியாவிற் பதிப்புரிமைச் சட்டத்தை 2012-இல் திருத்தியபோது, பாடியவரின் பதிவை வியாபாரத்துக்குப் பயன்படுத்தினால் அவருக்கும் பங்கு உண்டு என்று விதித்தனர். இவ்விஷயத்தில் நம் நாட்டார் செல்வம் மிகுந்த அந்நாட்டாரினும் நேர்மையாய் நடந்தனர் என்பதிற் சந்தேகமில்லை. விதித்தது ஒழுங்காய்க் கைக்கு வந்து சேருமாறு செய்தல் இனியுள்ள வேலை. மற்றொன்றும் வேண்டுகின்றோம்: கம்பெனியார் ஒரு பாடகரை விலக்கியபின் அவருடைய பழைய தட்டைக் குறித்த காலத்துக்குமேல் அச்சிடாது பூட்டிவைப்பாராயின், அப்பதிவு பாடகருக்குத் திரும்பவேண்டும். தாமும் விற்காது பிறரும் விற்கவொட்டாது தடுத்தல் வியாபார நீதியிலும் அடங்காது.

நம் சங்கீத வித்துவான்களுக்குத் தட்டு ஒரு வரும்படியே அன்றி முழுப்பிழைப்பாக இருந்ததில்லை. சபைக் கச்சேரியும் கலியாணக் கச்சேரியும் கோயில் உற்சவமும் சீடர்களும் அவர்களைத் தாங்கி வந்தன. கேட்போரை நேரிற் பெற்றிருந்தமையால் அவர்களுக்கு ஒரு கம்பெனியின் தயவு அவ்வளவாக வேண்டியிருக்கவில்லை. சினிமாப் பின்னணிப் பாடகர்களின் நிலை வேறு. திரையில் முகங்காட்டாது பாடியவரைப் படக்காரர் அழைப்பது நின்ற வருஷமே ஊரார் மறந்துவிடுவது நமக்குப் புதிதன்று.

காஷின் கடைசி வருஷங்களைச் சொல்லி முடிக்கின்றோம். நரம்பு நோய் அவரைப் பற்றியது; கண்பார்வை மங்கிற்று. 2002-இல் வெளிவந்த நான்காம் தொகுப்பில், டிரெண்ட் ரெஸ்னர் என்னும் இளையவர் இயற்றிய பாட்டொன்றைத் தளர்ந்த குரலிற் பாடினார்; காஷின் பெயரையே அறியாத சிறுவர்களும் அதனைக் கேட்டனர். 2003-ஆம் வருஷம் மே மாதத்தில் அவர் மனைவியாகிய ஜூன் கார்ட்டர் காலமானார். தமக்கு ஓயாது வேலை வேண்டும் என்று அவர் ரூபினிடம் கேட்டுக்கொள்ள, உடல் இடங்கொடுத்த நாட்களிலெல்லாம் பதிவு நடந்தது. செப்டம்பர் 12-ஆம் தேதி அவர் மரித்தார். அந்நாட்களிற் பாடியவற்றுட் பல சேர்ந்த ஐந்தாம் தொகுப்பு 2006-இல் வெளிவந்து, ஸான் குவெண்டின் தொகுப்புக்கு 37 வருஷங்கள் கழித்து, மறுபடியும் நாடு முழுவதும் விற்பனையில் முதலிடத்தைப் பெற்றது.