ஐயாயிரம் இறாத்தல் என்னும் அரை உண்மை

அச்சில் வரும் விளம்பர எண்களுள் மிகவும் ஆபத்தானது எது என்று என்னைக் கேட்டால், வட அமெரிக்காவில் எஸ்.யூ.வி. விற்பவர்கள் கொட்டை எழுத்தில் போடுகின்ற ‘இழுவைத் திறன்’ என்றுதான் சொல்வேன். அது பொய்யான எண் அன்று. பொய்யாக இருந்திருந்தால் எவராவது வழக்குப் போட்டு நிறுத்தியிருப்பார்கள். அது அரை உண்மை. மற்றப் பாதி, சாரதியின் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் சிறு ஒட்டுத்தாளில் இருக்கிறது. அதனை வாசிப்பார் இல்லை.

2022ஆம் ஆண்டு கோடையில் ரொரன்ரோவில் தங்கை மகனின் வீட்டில் தங்கியிருந்தேன். மருமகன் மூன்று வரிசை இருக்கைகள் கொண்ட எஸ்.யூ.வி. ஒன்றையும், கட்டிலும் குசினியும் உள்ள ட்ரெயிலர் ஒன்றையும் வாங்கியிருந்தார். வாகனத்தின் இழுவைத் திறன் 5,000 இறாத்தல், அதாவது 2,268 கிலோ. ட்ரெயிலரின் விளம்பர எடை 1,750 கிலோ. விற்ற இளைஞரும் நம்மவர்தான். “அண்ணை, இது ஐயாயிரம் இறாத்தல் இழுக்கும். உங்கட ட்ரெயிலர் அதைவிட எவ்வளவோ குறைவு. பயப்பிடாமல் கொண்டு போங்கோ” என்று சொல்லியே சாவியைக் கொடுத்தாராம்.

அல்கொன்குவின் பூங்காவுக்குப் புறப்பட்டோம். 400ஆம் இலக்க நெடுஞ்சாலையில் பெரிய பாரவூர்தி ஒன்று எங்களைக் கடந்தபோது, பின்னால் வந்த ட்ரெயிலர் இடமும் வலமுமாக ஆடத் தொடங்கியது. வாகனத்தின் முன்சில்லுகள் வீதியைப் பற்றவில்லை என்று மருமகன் பிறகு சொன்னார். நல்ல வேளையாக அவர் வாகனத்தின் பிரேக்கை மிதிக்கவில்லை. வேகத்தைக் கூட்டவும் இல்லை. காலை எடுத்துவிட்டுச் சுக்கானை நேராகப் பிடித்துக்கொண்டார். ஆட்டம் மெல்ல அடங்கியது. ட்ரெயிலரின் பிரேக்கை மட்டும் கையால் இயக்கும் சிறு நெம்பு அவரது முழங்காலுக்கு அருகிலேயே இருந்தது. ஆடும் ட்ரெயிலரை நேராக்க அதுவே முதல் கருவி. அதனை விற்றவர் அதன் பயனைச் சொல்லிக் கொடுக்கவில்லை.

பாரவூர்திகள் தரிக்குமிடத்தில் தராசு இருந்தது. நிறுத்துப் பார்த்தோம். 1,750 கிலோ என்ற ட்ரெயிலர் 2,180 கிலோ இருந்தது. தண்ணீர்த் தாங்கியில் மட்டும் 150 லீற்றர், அதாவது 150 கிலோ. மீதி எரிவாயுச் சிலிண்டர்கள், பற்றரி, சைக்கிள்கள், சட்டிபானைகள். விளம்பர எடை என்பது வெறும் பெட்டியின் எடை. வெறும் பெட்டியை இழுத்துக்கொண்டு எவர் சுற்றுலாப் போகிறார்?

ஆனாலும் 2,180 என்பது 2,268ஐ விடக் குறைவுதானே என்று வாசகர் கேட்கலாம். விற்றவரும் அதைத்தான் கேட்பார். இங்கேதான் கதவு ஒட்டுத்தாளுக்கு வரவேண்டும். வாகனத்தில் ஏறும் ஆட்களும் பொருட்களும் சேர்ந்து இத்தனை கிலோவைத் தாண்டலாகாது என்று அது சொல்கிறது. எங்கள் வாகனத்துக்கு 560 கிலோ. நாங்கள் ஆறு பேர் 390 கிலோ. பயணப் பொதிகள் 60. ட்ரெயிலரின் முன்பாரம் 260. மொத்தம் 710. விளம்பர எண்ணுக்குள் அடங்கி நின்றபடியே 150 கிலோ மேலதிகச் சுமையோடு ஓடிக்கொண்டிருந்தோம்.

முன்பாரம் என்ற சொல்லை நான் புதிதாக ஆக்கவில்லை. யாழ்ப்பாணத்து வண்டில்காரர்கள் அறிந்த சொல். முன்பாரம் கூடினால் நுகம் மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்பாரம் கூடினால் நுகம் மேலே கிளம்பும். ட்ரெயிலருக்கும் இதே நியாயம்தான். மொத்த எடையில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து வரை கொளுவியின் மீது இறங்க வேண்டும். குறைந்தால் ட்ரெயிலர் வாலாட்டும். ஆனால் இறங்கும் ஒவ்வொரு கிலோவும் வாகனம் சுமக்கும் சரக்காகவே கணக்கில் சேரும். அது பின்னச்சை அழுத்த, முன்சில்லுகள் இலேசாகிவிடும். சுக்கான் எதனைப் பிடித்துத் திருப்பும்?

இழுவைத் திறன் எப்படி அளக்கப்படுகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். எஸ்.ஏ.ஈ. என்னும் பொறியியலாளர் அமைப்பின் ஜே2807 என்ற விதிமுறை இருக்கிறது. அரிசோனாவில் டேவிஸ் அணைக்கட்டுக்கு அருகிலுள்ள நீண்ட ஏற்றத்தில், குளிரூட்டியை ஓடவிட்டபடி இழுத்து ஏறவேண்டும். கடுமையான சோதனை, குறை சொல்வதற்கில்லை. ஆனால் வாகனத்தில் இரண்டு பேர், ஆளுக்கு 150 இறாத்தல் என்பதே கணக்கு. பின்னிருக்கையில் பிள்ளைகள் இல்லை. மூன்று வரிசை இருக்கைகளைக் காட்டிக் குடும்பத்தாருக்கு விற்கும் வாகனத்துக்கு, இருவர் ஏறிய கணக்கில் ஓர் எண்! விலை கூடிய மாதிரிகளில் கண்ணாடிக் கூரையும் பெரிய சில்லுகளும் தாமே எடையைத் தின்றுவிடுவதால், கூடக் காசு கொடுத்தவருக்குப் பெரும்பாலும் குறைந்த கொள்ளளவே கிடைக்கிறது.

பாரப்பகிர்வுக் கொளுவி போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பது இன்னொரு மூடநம்பிக்கை. அது நல்ல கருவி. வில் தண்டுகளால் பின்னச்சின் பாரத்தில் ஒரு பகுதியை முன்னச்சுக்கும் ட்ரெயிலரின் அச்சுகளுக்கும் தள்ளுகிறது. முன்சில்லுக்கு மேலுள்ள வளைவின் உயரத்தை ட்ரெயிலரைக் கொளுவுமுன் அளந்து, கொளுவியபின் மீண்டும் அளந்து, கைநூல் சொல்லும் அளவுக்குத் தண்டுகளை இறுக்கவேண்டும். சில வாகனங்களின் கைநூல் அக்கருவியே கூடாதென்கிறது. எப்படியாயினும், கதவில் ஒட்டியிருக்கும் எண்ணை அது ஒரு கிலோவாலும் கூட்டாது.

ஒன்ராறியோவில் 1,360 கிலோவும் அதற்கு மேலும் உள்ள ட்ரெயிலருக்குத் தனிப் பிரேக் வேண்டுமென்று சட்டம் சொல்கிறது. இழுவைத் திறனைப் பெரிதாக அச்சிடுகிறவர் கதவு எண்ணையும் அதே அளவில் அச்சிட வேண்டும் என்று சொல்வதற்கு என்ன தடை?

என் தொழிலையும் விட்டுவைக்க மாட்டேன். பத்திரிகைகளின் வாகனப் பக்கங்களில் ‘மதிப்பீடு’ என்ற பெயரில் வருபவற்றுள் பல, கம்பனி அனுப்பிய கையேட்டின் மறுபதிப்பே. அவ்வாறான அனுபந்தங்களுக்கு நானும் தலைப்புப் போட்டிருக்கிறேன். கதவைத் திறந்து பார்த்துவிட்டு எழுது என்று ஒரு நிருபரிடமேனும் நான் சொன்னதில்லை. பக்கத்துக்கு முழு விளம்பரம் வந்திருந்தது. அதற்குமேல் எவரும் கேட்கவில்லை.

அடுத்த கோடையில் மருமகன் கணக்குப் பார்த்தே புறப்பட்டார். தாங்கியில் தண்ணீர் இல்லை. அது அச்சுக்கு முன்னால் இருந்தபடியால் முன்பாரம் 230க்கு இறங்கியது. வாகனத்தில் நால்வர், 270 கிலோ. கைநூல் அனுமதித்த பாரப்பகிர்வுக் கொளுவி 40. ஆக 540. பொதிகளும் மற்ற இருவரும் நண்பர் ஒருவரின் காரில். மிச்சமிருந்த 20 கிலோவை நம்பி மருமகள் அரிசி மூடையோடு வந்தபோது, மருமகன் கதவைத் திறந்து ஒட்டுத்தாளைக் காட்டினாராம். அரிசியும் காரிலேயே போனது.