இரவு அழைப்பும் நமது மௌனமும்

அண்மையில் ஒருநாள் மாலை, இரத்தோட்டைப் பகுதியைச் சேர்ந்த மிளகுத் தோட்டக்காரர் ஒருவர் மாத்தளையிலுள்ள என் அலுவலகத்திற்கு வந்தார். மகனுக்குப் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருந்தது. அதற்கு வேண்டிய சத்தியக்கடதாசியிற் கையொப்பமிட்டு முடிந்த பின்னரும் அவர் எழுந்து செல்லவில்லை.

“ஐயா, இன்னொரு விஷயம். மூத்த மாணவர்கள் இராத்திரியில் கூப்பிட்டால் போகத்தான் வேண்டுமாம். போகாவிட்டால் படிப்பு முடியும்வரை ஒருவரும் பேச மாட்டார்களாம். பையனுக்குச் சாப்பாடே இறங்கவில்லை. சட்டத்தில் இதற்கு ஏதும் இருக்கிறதா?”

இருக்கிறது என்றேன். ஆயினும் அந்தச் சொல்லை உரைக்கும்போதே என் நெஞ்சு என்னைச் சுட்டது. காரணத்தைப் பின்னர்க் கூறுவேன்.

பகிடிவதை என்பது நாம் இக்கொடுமைக்கு இட்ட பெயர். பெயரிலே பகிடி முன்னும் வதை பின்னும் நிற்கின்றன. நடப்பிலோ பகிடி மறைந்து, வதை ஒன்றே எஞ்சியிருக்கிறது. 1975-ஆம் ஆண்டிலே பேராதனை இராமநாதன் மண்டபத்தில் ரூபா ரத்னசீலி என்னும் மாணவி, வதைக்கு அஞ்சி மாடியிலிருந்து குதித்தார், உடல் செயலிழந்தார், 2002-இல் உயிர் நீத்தார். 1997-இல் அதே பேராதனையில் பொறியியற்பீட மாணவர் வரப்பிரகாஷ் வதைக்குள்ளாகிச் சிறுநீரகம் பழுதுபட்டு மாண்டார். ஓயாது தோப்புக்கரணம் இடச் செய்தால் என்ன நேரும் என்று எவரும் ஏளனமாகக் கேட்கலாம். அளவுக்கு மீறி வருத்தப்பட்ட தசை சிதைந்து, அதன் கழிவு குருதியிற் கலந்து சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பதை நம் வைத்தியர்கள் அறிவர். 2020 மார்ச் மாதத்தில் ஸ்ரீ ஜயவர்த்தனபுரப் பல்கலைக்கழகத்தில், புதுமுக மாணவரை வரவேற்கும் கொண்டாட்ட இரவொன்றில், படிக்கட்டில் உருட்டிவிடப்பட்ட பாரிய டயர் ஒன்று தாக்கி ஒரு மாணவர் தலையிற் படுகாயமுற்று உயிருக்குப் போராடினார்.

வரப்பிரகாஷின் வழக்கிலே நாம் வெட்கத்தோடு நினைவுகூர வேண்டிய ஒன்று உண்டு. அவரை வதைத்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்டவர்கள் வேற்றினத்தார் அல்லர். தமிழ் பேசிய மூத்த மாணவரே. பிறர் நமக்கு இழைக்கும் அநீதியை மேடைதோறும் முழங்குகிறோம். நம் பிள்ளை நம் பிள்ளைக்கு இழைக்கும் அநீதியை மட்டும் ‘அது பொடியன்களின் விளையாட்டு’ என்று தள்ளிவிடலாமா?

சட்டம் என்ன சொல்கிறது? 1998-ஆம் ஆண்டின் 20-ஆம் இலக்கச் சட்டம் கல்வி நிறுவனங்களிற் பகிடிவதையைக் குற்றமாக்கியது. உடற்காயம் மட்டுமன்று, மனவேதனையோ அச்சமோ விளைவிக்கும் செயலும் அச்சட்டத்தின்படி பகிடிவதையே. செய்பவன் மாத்திரமல்ல, அதிற் பங்குகொள்பவனும் குற்றவாளியே. நிறுவனத்தின் உள்ளே நடந்தாலும் வெளியே நடந்தாலும் குற்றமே. இரவிலே வாடகை வீட்டுக்கோ, மதுச்சாலைக்கோ, மலையடிவாரத்துக்கோ அழைத்துச் சென்று வதைப்பவன், பல்கலைக்கழக வாயிலைத் தாண்டிவிட்டதனால் சட்டத்தையும் தாண்டிவிட்டதாக எண்ண வேண்டாம். தண்டனை இரண்டு ஆண்டுகள் வரை சிறை. பாலியல் தொல்லையோ பாரதூரமான காயமோ நேர்ந்தால் பத்து ஆண்டுகள் வரை.

இத்தகைய சட்டம் இருந்தும் வதை ஏன் ஒழியவில்லை? முறையிடுவார் இல்லை. முறையிட்டவனுக்குக் குப்பி வகுப்பு இல்லை, பாடக்குறிப்பு இல்லை, நட்பு இல்லை என்ற ஒதுக்கல் காத்திருக்கிறது. வீட்டிலோ, ‘பொறுத்துக்கொள், இடம் போய்விடும்’ என்ற அறிவுரை காத்திருக்கிறது. இவ்விரண்டுக்கும் நடுவிலே பிள்ளை தனித்து நிற்கிறது.

இப்போது என் நெஞ்சு சுட்ட காரணத்தைக் கூறுகிறேன். நான் சட்டம் பயின்ற காலம், இச்சட்டம் பிறந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த காலம். ஓரிரவு, அறையொன்றிலே புதிய மாணவர் சிலர் முழங்காலில் நிறுத்தப்பட்டிருந்தனர். நான் எவரையும் தொடவில்லை. வாசலில் நின்று பார்த்தேன். பின்னர் என் அறைக்குத் திரும்பிக் குற்றவியற் சட்டம் படித்தேன். முழங்காலிட்டவருள் ஒருவன் நம் மாத்தளை மண்ணைச் சேர்ந்தவன். இரண்டு வாரத்திற்குள் படிப்பைக் கைவிட்டு ஊர் திரும்பினான். இன்றும் சந்தையிலே என்னைக் கண்டால் அவன் வணக்கம் சொல்லுகிறான், நான் தலைகுனிகிறேன்.

செல்வனையும் வறியவனையும் சமமாக்கவே இவ்வழக்கம் என்பர் அதன் காவலர். எவ்வளவு பெரிய பொய்! செல்வந்தனின் மகனுக்கு வேறு வழிகள் உண்டு. அவன் கடல் கடந்தும் கற்பான். எல்கடுவைத் தோட்டத்து லயத்திலிருந்து, தாயின் தோட்டை அடகு வைத்துப் புறப்பட்ட பிள்ளைக்கு அந்த ஒரே இடத்தைத் தவிர வேறு கதி ஏது? வதையின் முழுப் பாரமும் விழுவது அந்தத் தோள்மீதுதான்.

ஆதலால், பிள்ளைகளை வழியனுப்பும் பெற்றோரே, சில சொற்களைக் கேளுங்கள். இரவில் வரும் எந்த அழைப்பையும் மறுக்கும் உரிமை உனக்கு உண்டு என்று பிள்ளையிடம் புறப்படுமுன்பே சொல்லுங்கள். தன் விருப்பத்தோடு நண்பருடன் வெளியே செல்வதாயின், கூடிச் சென்று கூடியே திரும்பட்டும். எங்கே போகிறோம், எப்போது வருவோம் என்பதை ஒருவருக்கேனும் சொல்லி வைக்கட்டும். பிறர் வற்புறுத்தி ஊற்றும் மதுவை ஏற்காதிருக்கட்டும். கடைசி பஸ் போய்விட்டால் முச்சக்கர வண்டிக்கு வேண்டிய பணம் கையில் இருக்கட்டும். ஆபத்தில் பொலிசாருக்கு 119, அம்புலன்சுக்கு 1990. வதை நேர்ந்துவிட்டால் நாள், நேரம், இடம், பெயர் ஆகியவற்றை அன்றே எழுதி வைக்கட்டும். தொலைபேசியில் வந்த செய்திகளை அழிக்க வேண்டாம். உடனே அரசாங்க வைத்தியசாலைக்குச் சென்று காயங்களைப் பதிவு செய்யட்டும். சாட்சியம் இல்லாத உண்மை நீதிமன்றத்திலே ஊமை. பொலிசாரிடம் மட்டுமன்றிப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடமும் நேரே முறையிடலாம்.

படித்துப் பதவி வகிக்கும் நண்பர்களே, உங்களுக்கும் ஒரு சொல். திருமண வீட்டுப் பந்தியிலே உங்கள் பழைய பகிடிவதைக் கதைகளைச் சிரித்துச் சிரித்துச் சொல்லுகிறீர்கள். அப்பந்தியில் பரிமாறும் சிறுவன் அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறான். நாளை அவன் வதைபடும்போது வாய்திறக்காமல் இருப்பதற்கும், மறுநாள் தானே வதைப்பதற்கும் அங்கேதான் பாடம் படிக்கிறான். அக்கதைகளை நிறுத்துங்கள். மாத்தளையிலுள்ள தமிழ்ச் சட்டத்தரணிகளும் வைத்தியர்களும் ஆசிரியர்களும் ஒன்றுகூடி, புதுமுக மாணவர் எந்நேரமும் அழைக்கக்கூடிய ஒரு குழுவை அமைப்போம். கட்டணம் எதுவும் வேண்டாம். இரவிலே அழைத்தால் எடுக்க ஒரு குரல் இருந்தாற் போதும்.

அன்று என்னிடம் வந்த தந்தையிடம் சட்டத்தை விளக்கியபின், என் தொலைபேசி எண்ணைத் தாளில் எழுதிக் கொடுத்தேன். “எந்த நேரமானாலும் எடுக்கச் சொல்லுங்கள்” என்றேன். அவர் அதை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். வாசலில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பியவன் இருபது ஆண்டுகள் தாமதித்துச் செய்த சிறு பரிகாரம் அது. நீங்களும் தாமதிக்க வேண்டாம்.