குப்பையாக இருந்ததே இல்லாத பெட்டி

பழைய சுருட்டுப்பெட்டிகளை அலங்காரப் பொருட்களாக்குவது இன்று அமெரிக்காவில் பரவலானதொரு பொழுதுபோக்கு. பெட்டியின்மேல் வெள்ளைப் பூச்சு அடித்து, விளிம்புகளை உப்புத்தாளால் தேய்த்துப் ‘பழமைத் தோற்றம்’ வரவழைத்து, பூப்போட்ட காகிதத்தை ஒட்டி வார்னிஷ் பூசி, நகைப்பெட்டியாகவோ கைப்பையாகவோ மாற்றிவிடுகிறார்கள். இதற்கு வழங்கும் பெயர் அப்சைக்ளிங். தமிழில் மேற்சுழற்சி எனலாம். அதாவது, குப்பைக்குப் போகவிருந்த ஒன்றைக் கைதூக்கிவிட்டு மதிப்புள்ளதாக்குவது. கைவினையோடு எனக்குப் பிணக்கில்லை. என் சண்டை அந்த ‘மேல்’ என்ற முன்னொட்டோடுதான். மேலே ஏற்றுகிறேன் என்பவர், தான் கையிலெடுத்த பொருள் கீழே கிடந்தது என்று முன்கூட்டியே தீர்ப்பெழுதிவிடுகிறார். சுருட்டுப்பெட்டியைப் பொறுத்தவரை அந்தத் தீர்ப்பு பொய்.

சொல்லின் வரலாற்றையும் சற்றுப் பார்ப்போம். 1994இல் ரைனர் பில்ஸ் என்ற ஜெர்மானியப் பொறியாளர் ஒரு நேர்காணலில் இதைப் பயன்படுத்தினார். இடிக்கப்பட்ட கட்டடங்களின் நல்ல செங்கற்களை நொறுக்கிப் பொடியாக்கிவிட்டு அதை மறுசுழற்சி என்று அழைப்பதன்மேல் அவருக்கு இருந்த எரிச்சலிலிருந்து பிறந்த சொல் அது. ஒரு பொருளில் ஏற்கெனவே இருக்கும் மதிப்பை அழிக்காதே என்பதே அவருடைய வாதம். அதே சொல்லைச் சொல்லிக்கொண்டு இன்று பெட்டியின் முகத்தில் பூச்சு அடிக்கிறோம்.

இனி, பெட்டி. அமெரிக்காவில் சுருட்டு மரப்பெட்டிக்குள் போனதற்கு அழகுணர்ச்சியைவிட வரி வசூலே முக்கியக் காரணம். 1860களின் நடுவில், உள்நாட்டுப் போரின் செலவை ஈடுகட்டச் சுருட்டுக்கு வரி விதித்த அரசு, அதை எண்ணி வசூலிக்க வசதியாக 25, 50, 100 என்று குறித்த எண்ணிக்கைகளில் பெட்டியில் அடைத்தே விற்கவேண்டும் என்றது. பெட்டியைத் திறந்தால் கிழிந்துபோகும்படி வரிமுத்திரை ஒட்டப்பட்டது. காலியான பெட்டியில் மறுபடி சுருட்டு அடைப்பது குற்றம். ஆக, வாசனை மாறாத, மெல்லிய, பழுதற்ற மரப்பலகைகள் சட்டத்தின் ஆணைப்படி லட்சக்கணக்கில் வீடுகளுக்குள் வந்து சேர்ந்தன. அவற்றில் சிறந்தவற்றுக்கான மரத்தை ‘ஸ்பானிய சீடர்’ என்பார்கள். அது ஸ்பெயினைச் சேர்ந்ததுமல்ல, சீடருமல்ல. வெப்பமண்டல அமெரிக்க மரம், நம் வேம்பின் குடும்பம். கட்டற்று வெட்டப்பட்டதன் விளைவாக, 2019இல் ஜெனீவாவில் கூடிய அருகிவரும் உயிரினங்களின் வணிகத்துக்கான மாநாடு அதைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. எல்லை தாண்டும்போது அனுமதிச் சீட்டு தேவைப்படும் மரத்தைத்தான் குப்பை என்கிறோம்.

இந்தப் பலகைகளைக் கண்டு மதித்தவர்கள் இருந்தார்கள். 1870களிலிருந்து 1940கள் வரை, பேனாக்கத்தி ஒன்றைக் கொண்டு, சுருட்டுப்பெட்டிப் பலகைகளின் விளிம்பில் முக்கோண வெட்டுகளை வரிசையாகக் கொத்தி, ஒன்றன்மேல் ஒன்றாக, மேலே போகப்போகச் சிறுத்துவரும் அடுக்குகளாக ஒட்டிச் சட்டங்களும் கடிகாரக்கூடுகளும் பூசைமாடங்களும் ஆளுயர அலமாரிகளும்கூடச் செய்தார்கள். ஒரு சட்டத்தில் ஆயிரக்கணக்கான வெட்டுகள் இருக்கும். ஜெர்மனியிலிருந்தும் ஸ்காண்டிநேவியாவிலிருந்தும் குடியேறியவர்கள் கொண்டுவந்த கொத்துவேலை மரபு இதற்குள் இருக்கிறது. செய்தவர்கள் பெரும்பாலும் ஆலைத் தொழிலாளிகள், சுரங்கத் தொழிலாளிகள், விவசாயிகள். பகல் முழுக்க வேறொருவருக்காக உழைத்துவிட்டு, இரவில் வீட்டு மேசையில் தமக்காக உட்கார்ந்தவர்கள். தம் வேலைக்கு அவர்கள் கலை என்று பெயரிடவில்லை. பெரும்பாலும் தம் பெயரையும் எழுதவில்லை.

பெயர் பிறகு வந்தது, வெளியிலிருந்து. 1959இல் ஃப்ரான்சிஸ் லிக்டன் பென்சில்வேனியா நாட்டாரியல் இதழொன்றில் எழுதிய கட்டுரை இதை ‘டிராம்ப் ஆர்ட்’, அதாவது நாடோடிக் கலை என்றது. ஊர் ஊராக அலையும் ஓட்டாண்டிகள் ஒருவேளைச் சாப்பாட்டுக்காகச் செதுக்கிக் கொடுத்தவை என்ற கதை நிலைபெற்றது. 1975இல் வந்த ஹெலேன் ஃபெண்டல்மேனின் நூல் தலைப்பிலேயே அதை உறுதிசெய்தது. ஒரு நிமிடம் யோசித்திருந்தால் போதும். ஆளுயர அலமாரியை எந்த நாடோடி எந்த மூட்டையில் தூக்கிப்போனான்? பல மாதங்கள் நீளும் வேலைக்கு ஒரு நிலையான கூரையும் விளக்கும் பசையும் வேண்டாமா? 1998இல் வாலக்கும் கார்னிஷும் எழுதிய நூலும், 2017இல் சாண்டா ஃபே நகரின் பன்னாட்டு நாட்டார்கலை அருங்காட்சியகம் நடத்திய கண்காட்சியும் இந்தக் கதையைக் கட்டுடைத்தன. ஆனாலும் பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. ஏலக்கடைகளுக்கு நாடோடிதான் கவர்ச்சி. குடும்பஸ்தனான சுரங்கத் தொழிலாளியில் என்ன கற்பனைநயம் இருக்கிறது?

டிராம்ப் ஆர்ட், அப்சைக்ளிங் ஆகிய இரண்டு பெயர்களிலும் ஒரே பார்வைதான் செயல்படுகிறது. முதலாவது செய்தவனை ஓட்டாண்டியாக்கியது. இரண்டாவது பொருளைக் குப்பையாக்குகிறது. இரண்டுமே பெயரிடுகிறவனுக்குப் புரவலன் ஸ்தானத்தை வழங்குகின்றன.

இலக்கிய வாசகர்களுக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்கலாம். மூடியில் அச்சிட்டிருக்கும் பெயர்களைப் படியுங்கள்: மான்டெகிறிஸ்டோ, ரோமியோ இ ஹூலியேத்தா, சாஞ்சோ பான்சா. 1865இலிருந்து ஹவானாவின் சுருட்டாலைகளில், பின்னர் ஃபுளோரிடாவில் டாம்பா நகரின் ஈபோர் சிட்டியில், தொழிலாளர்கள் சுருட்டிக்கொண்டிருக்கையில் மேடையிலமர்ந்து ஒருவர் உரக்க வாசிப்பார். செய்தித்தாள்கள், பிறகு நாவல்கள். வாசகருக்கான ஊதியத்தைத் தொழிலாளர்களே தம் கூலியிலிருந்து கொடுத்தார்கள். 1935இல் தொடங்கிய மான்டெகிறிஸ்டோவின் பெயர், அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்க விரும்பிய டூமாவின் நாவலிலிருந்து வந்தது என்பார்கள். டாம்பாவில் வாசகர்கள் சொல்வது கலகமாகத் தெரிந்ததால் 1931இல் ஆலை முதலாளிகள் அந்த வழக்கத்தையே ஒழித்துக்கட்டினார்கள். எழுத்தறியாதவர்களும் செர்வாண்டெஸைத் தெரிந்துவைத்திருந்த ஓர் உலகத்தின் மிச்சமான தடயம் அந்த மூடிக் காகிதம். அதன்மேல்தான் ரோஜாப்பூக் காகிதத்தை ஒட்டுகிறார்கள்.

(கொசுறாக ஒன்று: ஆங்கிலத்தின் ‘செரூட்’ நம்முடைய சுருட்டுதான். இதற்குமேல் பெருமைப்பட எனக்கு விருப்பமில்லை.)

எதிர்த்தரப்பு வாதத்தை அறிவேன். கொத்துவேலைக்காரர்களும் பெட்டியை உடைக்கத்தானே செய்தார்கள், அவர்கள் காகிதத்தைப் பாதுகாத்தார்களா? உடைத்தார்கள், உண்மை. ஆனால் மரத்தை மரமாகவே நடத்தினார்கள். அவர்கள் செய்தவற்றைத் திருப்பிப் பார்த்தால் உட்புறப் பலகையில் சுருட்டு நிறுவனத்தின் முத்திரை இன்றும் தெரிவதுண்டு. பொருளுக்குத் தாம் விமோசனம் அளிப்பதாக அவர்கள் கருதியதற்குச் சான்றேதும் இல்லை. இன்னொரு தரப்பு, இது சூழலைக் காக்கிறது என்கிறது. கைவினைக் கடைகளில் இப்போது ‘சுருட்டுப்பெட்டி’ என்ற பெயரிலேயே புத்தம்புதிய வெற்றுப் பெட்டிகள் கிடைக்கின்றன. ஒரு சுருட்டைக்கூடக் கண்டிராத சுருட்டுப்பெட்டி! அதை வாங்கி, பூச்சு அடித்து, தேய்த்துப் பழசாக்குவதில் எந்தச் சூழல் காக்கப்படுகிறது?

நல்ல உதாரணம் வேண்டுமென்றால் சுருட்டுப்பெட்டிக் கிதாரைச் சொல்வேன். போர்முகாமில் ஒரு சிப்பாய் சுருட்டுப்பெட்டியில் செய்த பிடிலை வாசிப்பதை எட்வின் ஃபோர்ப்ஸ் 1876இல் செதுக்குச் சித்திரமாக வெளியிட்டார். அந்தக் கருவி ஒலிப்பதே பலகை மெல்லியதாக இருப்பதால்தான். கனமான பூச்சு அடித்தால் ஒலி மங்கிவிடும். மூடியும் பெயரும் அப்படியே வெளியே தெரியும்.

ஆகவே, செய்கிற நண்பர்கள் செய்யட்டும். காகிதம் ஒட்டியிருந்தால் விட்டுவிடுங்கள். வரிமுத்திரையின் கிழிசல் இருந்தால் சுரண்டாதீர்கள். மரத்துக்கு எண்ணெய் போதும். முடித்த பின் கவிழ்த்து வைத்து, அடிப்பலகையில் பென்சிலால் உங்கள் பெயரையும் ஊரையும் ஆண்டையும் எழுதுங்கள். எழுபது வருடம் கழித்து அதைக் கையிலெடுக்கும் ஆய்வாளர் உங்களையும் நாடோடி என்று எழுதிவிடக்கூடும்.