கடலின் கோபமா? சாக்கடையின் குற்றமா?

கடல் நீர் திடீரென்று நிறம் மாறி, மீன்கள் செத்துக் கரையில் ஒதுங்கினால், நம் ஜனங்களில் பலர் என்ன காரணம் என்று கேட்பதற்கு முன்னால் யாருடைய கோபம் என்று கேட்கிறார்கள். கடலம்மாள் கோபித்துக்கொண்டாள் என்பார் ஒருவர். ஊரில் எவளோ ஒருத்தி நெறி தவறிவிட்டாள் என்பார் மற்றொருவர். மலையாளக் கரையிலோ, கடலுக்குப் போன புருஷனின் உயிரைக் கரையிலிருக்கும் பெண்ஜாதியின் கற்போடு முடிச்சுப் போட்டு வைத்த நம்பிக்கை நெடுங்காலமாக உண்டு. அந்தப் புருஷனுடைய ஒழுக்கத்தைப் பற்றி மட்டும் கடலம்மாளுக்கு ஒரு கவலையும் இல்லை போலும்!

2019-ஆம் வருஷம் செப்டம்பரில் மன்னார் வளைகுடாவில் நீர் பச்சையாகி மீன்கள் செத்து மிதந்தன. மீனவத் தோழர்கள் அதைப் பூங்கோரை என்று பெயரிட்டே அறிந்திருக்கிறார்கள். விஞ்ஞானிகள் அதை நாக்டிலூக்கா என்கிறார்கள். அதற்கு முந்திய மாதம் சென்னைக் கடற்கரையில் இரவில் அலைகள் நீலமாக மின்னுகின்றன என்று ஜனங்கள் வேடிக்கை பார்த்தார்களே, அதுவும் இந்த நுண்ணுயிரின் வேலைதான். அது கோடிக்கணக்கில் பெருகிப் பிறகு செத்து அழுகும்போது நீரிலுள்ள பிராணவாயு குறைந்துபோகிறது. ஒரு லிட்டர் நீரில் 2 மில்லிகிராமுக்கும் கீழே இறங்கிற்று என்று அங்கே அளந்து பார்த்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். மூச்சுவிட வழியின்றி மீன் செத்தது. பவளப் பூச்சிகளும் செத்தன. இதில் கோபம் எங்கே இருக்கிறது?

நிற்க, இது கண்ணுக்குத் தெரிகிற ஆபத்து. தெரியாத ஆபத்து ஒன்று உண்டு. அலெக்ஸாண்ட்ரியம் என்ற பாசி இனத்தில் சில, சாக்ஸிடாக்ஸின் என்னும் விஷத்தை உண்டாக்குகின்றன. மட்டியும் சிப்பியும் நீரை வடிகட்டித் தின்பவையாதலால் அந்த விஷத்தைத் தம் சதையில் சேர்த்து வைத்துக்கொள்கின்றன. தின்ற மனிதனுக்கு முதலில் உதடு மரத்துப்போகும்; பிறகு கைகால் ஓயும்; கடைசியில் மூச்சு நிற்கும். நரம்பில் செய்தி போவதற்கு வேண்டிய சோடியம் நுழையும் வாசலை அது அடைத்துவிடுகிறது. வேக வைத்தாலும் இந்த விஷம் போகாது. வெள்ளிக்காசு போட்டுக் கறுக்கிறதா என்று பார்ப்பதெல்லாம் வெறும் ஏமாற்று. 1793-இல் கனடாவின் மேற்குக் கரையில் வான்கூவர் என்ற கப்பல் தலைவனின் ஆட்கள் காலை ஆகாரமாகச் சிப்பி தின்று, ஒருவன் அன்றே இறந்தான். நம் தமிழ்நாட்டிலேயே 1981-இல் வயலூர்ப் பக்கம் மட்டி தின்ற 85 பேர் ஆஸ்பத்திரிக்குப் போய், 3 பேர் மாண்டார்கள் என்று பதிவாகியிருக்கிறது. வஞ்சிரம் வாங்க வகையுள்ளவன் மட்டி பொறுக்கப் போவதில்லை என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை.

இந்த விஷப் பாசியைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் தெரியாதா என்றால், தெரியாது. உருவம் ஒன்றாகவே இருக்க, ஒன்று விஷம் செய்யும், இன்னொன்று செய்யாது. வித்தியாசம் அதனுள்ளே இருக்கும் மரபணுவில் இருக்கிறது. அந்த மரபணுக்களை இந்தப் பாசிகளிடத்தில் கண்டுபிடித்து, நார்வே, ஆஸ்திரேலியா தேசத்து ஆராய்ச்சியாளர்கள் 2011-இல் வெளியிட்டார்கள். (பார்த்தீர்களா, குணம் பிறப்பிலேயே இருக்கிறது என்று யாராவது வருணாசிரமக்காரர் இதைக் கேட்டுக் குதிக்க வேண்டாம். பாசிக்கு விஷ மரபணு காட்டியாயிற்று; ஜாதிக்கு எவரும் காட்டவில்லை.) இன்னும் கேளுங்கள். வட அமெரிக்காவின் கிழக்குக் கரையில் ஒருவகை மட்டி இருக்கிறது. விஷப்பாசி அடிக்கடி வரும் இடங்களில், அதன் நரம்பு மரபணுவில் ஒரே ஒரு சிறு மாறுதல் உள்ளவை பிழைத்துப் பெருகியிருக்கின்றன என்று 2005-இல் காட்டினார்கள். விஷம் அவற்றை ஒன்றும் செய்வதில்லையாதலால், மற்றவற்றைவிட அதிக விஷத்தைச் சுமந்துகொண்டு திடமாக இருக்கின்றன. ஆகவே, மட்டி நல்ல உயிரோடுதானே இருக்கிறது என்று நம்பித் தின்பதைப் போல ஆபத்து வேறில்லை.

இப்பெருக்கம் முழுவதும் மனிதனால்தான் என்று நாம் சொல்ல வரவில்லை. 1793-இல் அந்தக் கரையில் ரசாயன உரமும் இல்லை, ஆலையும் இல்லை. ஆனால் சாக்கடையும் உரமும் ஆலைக் கழிவும் கடலில் விழுந்தால், பாசிக்கு அது விருந்து என்பதில் சந்தேகமில்லை. ஜப்பானின் சேட்டோ உள்நாட்டுக் கடலில் 1976-இல் மட்டும் 299 தடவை செந்நீர் கண்டது. அந்நாட்டார் 1973-லும் 1978-லும் சட்டம் செய்து கழிவைக் குறைத்தார்கள். பிறகு அந்த எண்ணிக்கை வருஷத்துக்குச் சுமார் 100 அளவுக்கு இறங்கிற்று. எந்தச் சாந்தி ஹோமத்தினால் இறங்கிற்று?

நம் நாட்டில் ஹைதராபாத்திலுள்ள கடல் தகவல் நிலையம் செயற்கைக்கோள் மூலம் பாசிப் பெருக்கத்தைக் கவனித்துச் செய்தி வெளியிடுகிறது. நல்ல காரியம்தான். என்றாலும் வானத்திலிருந்து பார்த்தால் நிறம் தெரியுமே ஒழிய விஷம் தெரியாது. அதற்கு நீரையும் மட்டியையும் எடுத்துப் பரீட்சை செய்ய வேண்டும். ஐரோப்பாவில் விற்கும் சிப்பியில் கிலோவுக்கு 800 மைக்ரோகிராமுக்கு மேல் இந்த விஷம் இருக்கக் கூடாதென்று சட்டமிருக்கிறது. அங்கே அனுப்புகிற சரக்கைச் சோதித்துத்தான் அனுப்ப வேண்டும். வெள்ளைக்காரனுடைய வயிற்றுக்கு இவ்வளவு அளவுகோல் இருக்கும்போது, நம் முகத்துவாரங்களில் இடுப்பளவு நீரில் நின்று மட்டி பொறுக்கிக் குழந்தைக்குக் குழம்பு வைக்கிறவளின் வயிற்றுக்கு என்ன அளவுகோல் என்று கேட்கின்றோம்.

மட்டி எடுக்கும் ஒவ்வொரு முகத்துவாரத்திலும் மாதாமாதம் பரீட்சை நடக்க வேண்டும். முடிவை இங்கிலீஷில் எழுதிப் பீரோவில் பூட்டாமல், மீனவக் குப்பங்களில் தமிழில் தமுக்கடித்துச் சொல்ல வேண்டும். எடுக்கக் கூடாதென்று தடுக்கும் நாட்களுக்கு அவர்கள் கூலிக்கு என்ன வழி என்பதையும் சர்க்கார் அதே உத்தரவில் எழுதட்டும்.