தாதியர் பட்டப்படிப்பை எங்கே படிப்பது? தீவக மாணவர் குறித்த எமது நிலைப்பாடு

உயர்தரப் பெறுபேறு வெளிவந்து பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைந்நூல் கைக்கு வந்ததும், உயிரியல் விஞ்ஞானப் பிரிவில் தோற்றிய மாணவர் வீடுகளில் ஒரே கேள்விதான் எழுகிறது. மருத்துவத்துக்குப் புள்ளி எட்டவில்லை. தாதியர் பட்டநெறிக்கு எட்டும். விண்ணப்பத்தில் எந்தப் பல்கலைக்கழகத்தை முதலில் இடுவது? ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவு, நயினாதீவு, நெடுந்தீவு, அனலைதீவு, எழுவைதீவு ஆகிய இடங்களின் பெற்றோரும் ஆசிரியர்களும் எம்மிடம் இதைத் தொடர்ந்து கேட்டு வருவதால், எமது நிலைப்பாட்டை எழுத்தில் வைக்கிறோம். தீவகத்திலோ வடக்கின் வேறெந்த ஒதுக்குப்புறத்திலோ பணியாற்றும் எண்ணமுள்ள மாணவர், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் தாதியர் பட்டநெறியை முதலாவதாகவும், மட்டக்களப்பில் சுகாதாரப் பராமரிப்புப் பீடம் நடத்தும் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பட்டநெறியை இரண்டாவதாகவும் இடுவதே பொருத்தம். இந்த ஆலோசனையைத் தாங்கி நிற்கும் பொறுப்பில் ஒரு பங்கு பல்கலைக்கழகத்துக்கும் மாகாண சுகாதாரத் திணைக்களத்துக்கும் உண்டு. அதையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம்.

இன்று பெரும்பாலும் விருப்பவரிசை எழுதப்படும் முறை எமக்குத் திருப்தியாக இல்லை. சென்ற ஆண்டின் வெட்டுப்புள்ளிப் பட்டியலை முன்னால் வைத்து, கூடிய புள்ளியில் மூடப்பட்ட பட்டநெறியை மேலேயும் குறைந்ததைக் கீழேயும் அடுக்கிவிடுகிறார்கள். கொழும்பு, பேராதனை, ஸ்ரீ ஜயவர்தனபுர, றுகுணு என்று பெயர்களுக்கு ஒரு படிநிலை தானாகவே உருவாகிவிடுகிறது. வெட்டுப்புள்ளி காட்டுவது எத்தனை பேர் அந்த இடத்தைக் கேட்டார்கள், எத்தனை இடங்கள் இருந்தன என்பதை மட்டுமே. அங்கே மாணவி எந்த நோயாளரோடு பழகுவாள், எந்த மொழியில் நோயின் வரலாற்றைக் கேட்டறிவாள், நான்காம் ஆண்டு முடிவில் தனியாக என்ன முடிவெடுக்கப் பழகியிருப்பாள் என்பதை அது சொல்லாது. இலங்கையில் அரச பல்கலைக்கழகம் எதில் நான்கு ஆண்டுத் தாதியர் பட்டம் பெற்றாலும், தொழில் செய்வதற்கு 1988ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்த தாதியர் பேரவையின் பதிவே வாசல். பெயருக்காக விருப்பவரிசையை மாற்றுவதால் அந்த வாசலில் கூடுதல் சலுகை எதுவும் கிடைக்கப்போவதில்லை.

தீவகம் ஒரு தாதியரிடம் எதிர்பார்ப்பது என்ன என்பதிலிருந்துதான் எமது வாதம் தொடங்குகிறது. பண்ணைத் தாம்போதி வழியே வேலணைக்கும், அங்கிருந்து புங்குடுதீவுக்கும் தரைவழி உண்டு. குறிகட்டுவான் இறங்குதுறையோடு அது முடிகிறது. நயினாதீவு அங்கிருந்து சிறிது நேரப் படகுப் பயணம். நெடுந்தீவுக்கு ஏறத்தாழ ஒரு மணித்தியாலம். வாடைக்காலத்திலும் சோளகம் கடுமையாக வீசும் நாள்களிலும் அந்த நேரக்கணக்குச் செல்லாது, படகே ஓடாத நாள்களும் உண்டு. இரவில் நெடுந்தீவுப் பிரதேச வைத்தியசாலைக்கு நெஞ்சுவலியோடு ஒரு முதியவர் வருகிறார், அல்லது நாள் முற்றாத கர்ப்பிணிக்கு வலி எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். யாழ். போதனா வைத்தியசாலைக்கு அனுப்புவதென்றால் படகை ஒழுங்குசெய்ய வேண்டும், அவசரம் மிஞ்சினால் கடற்படையின் உதவியைக் கேட்க வேண்டும், குறிகட்டுவானில் நோயாளர் காவு வண்டி காத்து நிற்க வேண்டும். இவ்வளவையும் எப்போது தொடங்குவது என்பது மருத்துவரின் முடிவு. அவரை எப்போது எழுப்புவது, நோயாளியின் மூச்சிலும் நாடியிலும் குருதியமுக்கத்திலும் ஏற்பட்ட எந்த மாற்றத்தை அவரிடம் முதலில் சொல்வது, பயணத்தில் எதைக் கவனிப்பது ஆகியவை தாதியின் கையில். பெரிய வைத்தியசாலையில் ஒரு தாதி தவறவிட்டதை அடுத்த சுற்றில் வரும் இன்னொருவர் பிடித்துவிடலாம். ஆள் குறைந்த தீவு வைத்தியசாலையில் அந்த இரண்டாவது கண் பெரும்பாலும் கிடையாது. ஒதுக்குப்புறத்துக்குக் குறைந்த கல்வி போதும் என்ற நெடுநாள் எண்ணத்தை இதனால்தான் நாம் தலைகீழாகக் கருதுகிறோம்.

தாதியரின் கல்விக்கும் நோயாளர் உயிர்பிழைப்பதற்கும் உள்ள தொடர்பு வெறும் நம்பிக்கை அன்று. லிண்டா எய்க்கன் தலைமையிலான ஆய்வுக்குழு 2014இல் 'த லான்செட்' இதழில் வெளியிட்ட ஆய்வு, ஒன்பது ஐரோப்பிய நாடுகளின் 300 வைத்தியசாலைகளில் சத்திரசிகிச்சை பெற்ற நான்கு இலட்சத்துக்கு மேற்பட்ட நோயாளரின் பதிவுகளை ஆராய்ந்தது. பட்டம் பெற்ற தாதியரின் விகிதம் 10 சதவீதம் கூடியிருந்த இடங்களில், சேர்க்கப்பட்ட 30 நாள்களுக்குள் நோயாளர் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் குறைந்திருந்தது. ஒரு தாதிக்கு ஒரு நோயாளர் கூடும்போது அந்த வாய்ப்பு 7 சதவீதம் உயர்ந்தது. இரண்டாவது எண்ணையும் சேர்த்தே படிக்க வேண்டும்: பட்டதாரிகளை நியமித்துவிட்டு ஆளணியைக் குறைத்தால் ஒரு கையால் கொடுத்ததை மறுகை பறித்துவிடும். பெல்ஜியத்தின் சத்திரசிகிச்சை விடுதியும் நயினாதீவின் வெளிநோயாளர் பிரிவும் ஒன்றல்ல என்பதையும் ஒப்புக்கொள்கிறோம். அவ்வாய்வு இணைப்பைக் காட்டுகிறது, காரணத்தை நிறுவவில்லை. ஆனாலும் நிலைமை மோசமாகும் நோயாளியை முன்கூட்டியே அடையாளம் காணும் திறனே உயிரைக் காக்கிறது என்பது அதற்குத் தரப்படும் முக்கிய விளக்கம். கடல் குறுக்கே கிடக்கும் இடத்தில் அத்திறனின் தேவை கூடுமே தவிரக் குறையாது.

சுகாதார அமைச்சின் தாதியர் பயிற்சிக் கல்லூரியில் மூன்றாண்டு டிப்ளோமா படித்தால் பயிற்சிக் காலத்திலேயே கொடுப்பனவு கிடைக்கும், பட்டத்துக்கு ஏன் காத்திருக்க வேண்டும் என்று கேட்போர் பலர். கடற்றொழிலை நம்பி வாழும் குடும்பத்தில் அந்தக் கொடுப்பனவின் பெறுமதியை யாரும் எமக்கு விளக்கத் தேவையில்லை. இந்த நாட்டின் விடுதிகளை இதுவரை தாங்கி வந்தவர்களும் டிப்ளோமா பெற்ற தாதியரே. அவர்களைக் கீழிறக்கிப் பேசும் பட்டதாரிப் பெருமையில் எமக்கு உடன்பாடில்லை. வருமானம் அவசரமாகத் தேவைப்படும் மாணவிக்கு யாழ்ப்பாணத் தாதியர் பயிற்சிக் கல்லூரி நல்ல வழி. பட்டத்துக்கான கதவும் அதனால் மூடாது: இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் 1994இலேயே சேவையிலுள்ள தாதியருக்கான பட்டநெறியைத் தொடங்கிவிட்டது, நாட்டின் முதலாவது தாதியர் பட்டநெறியும் அதுவே. இரு வழிகளும் திறந்திருக்கும் மாணவிக்கு, வேலையோடும் இரவுக் கடமையோடும் பிறகு படிப்பதைவிட இப்போதே நான்காண்டைச் செலவிடுவது இலகு என்பதே எமது கணிப்பு. கட்டணம் வாங்கி வெளிநாட்டுப் பட்டம் தருவதாக விளம்பரம் செய்யும் தனியார் நிறுவனங்களைப் பொறுத்தவரை ஒரே ஆலோசனைதான்: அந்தப் பட்டத்தோடு இலங்கைத் தாதியர் பேரவையில் பதிய முடியுமா என்பதைப் பேரவையிடமே கேட்டறிந்த பிறகு பணத்தைக் கட்டுங்கள்.

பட்டநெறிகளுக்குள் யாழ்ப்பாணத்தை முன்வைப்பதற்கான முதற்காரணம் நோயாளர். எல்லாப் பல்கலைக்கழகங்களிலும் விரிவுரை ஆங்கிலத்தில்தான் நடக்கிறது. களப்பயிற்சி அப்படி நடக்க முடியாது. யாழ். போதனா வைத்தியசாலை விடுதியில் பயிலும் மாணவி, நெஞ்சடைப்பென்று சொல்லும் ஆச்சி உண்மையில் மூச்சுத்திணறலைச் சொல்கிறாவா, நெஞ்செரிவைச் சொல்கிறாவா, மனத்தின் பாரத்தைச் சொல்கிறாவா என்று துருவிக் கேட்க நாள்தோறும் பழகுகிறாள். தீவகத்திலிருந்து அங்கே மாற்றி அனுப்பப்படும் நோயாளர் எந்த நிலையில் வந்து சேர்கிறார்கள், எங்கே நேரம் வீணானது என்பதையும் மறுமுனையில் நின்று பார்க்கிறாள். பின்னர் ஊர்காவற்றுறை ஆதார வைத்தியசாலையிலோ புங்குடுதீவிலோ இருந்து நோயாளியை அனுப்பும்போது அந்த அறிவு உதவும். இந்த மண்ணுக்கு இது புதிய சிந்தனையும் அன்று. 1847இல் யாழ்ப்பாணம் வந்த மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மேலைமருத்துவ நூல்களைத் தமிழாக்கி மாணவருக்குத் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். ஊரிலே தங்கி ஊராருக்கு வைத்தியம் பார்ப்பவர்களை உருவாக்குவதே அவர் நோக்கம்.

அந்த நோக்கத்தை நிறைவேற்றும் வழி பற்றி உலக சுகாதார நிறுவனம் 2010இல் வெளியிட்டு 2021இல் புதுப்பித்த வழிகாட்டல் தெளிவாகவே பேசுகிறது. கிராமப் பின்னணியுள்ள மாணவரைச் சேர்ப்பது, கல்வி நிறுவனங்களைத் தலைநகருக்கு வெளியே அமைப்பது, படிக்கும் காலத்திலேயே ஒதுக்குப்புறங்களில் களப்பயிற்சி கொடுப்பது ஆகியவற்றை அது பரிந்துரைக்கிறது. மூன்றும் சேரும்போது பட்டதாரி அங்கே தங்கும் வாய்ப்புக் கூடுகிறது. பட்டம் கிடைத்ததும் வெளிநாடு போய்விடுவார்களே என்ற ஆட்சேபத்துக்கும் இதிலேயே பாதிப் பதில் இருக்கிறது. மீதிப் பாதி: வெளிநாட்டுப் பயணம் பட்டதாரிகளோடு நிற்கவில்லை. 2022 பொருளாதார நெருக்கடியில் அரச ஊழியர் ஐந்தாண்டு வரை சம்பளமற்ற விடுமுறையில் வெளிநாட்டில் வேலை செய்ய அரசாங்கமே அனுமதி கொடுத்தது. போகிறவர்களைக் கல்வியைக் குறைத்து மறிக்க முயல்வது, போகாமல் நிற்பவர்களையும் சேர்த்துத் தண்டிப்பதாகும். 1990இன் இடப்பெயர்வுக்குப் பின் தீவகக் குடும்பங்கள் பல கொழும்பிலும் கனடாவிலும் ஐரோப்பாவிலும் வேரூன்றிவிட்டன. அந்தக் கதையைத் தாதியரின் தோளில் மட்டும் சுமத்துவது நியாயமில்லை.

கொழும்பிலும் பேராதனையிலும் பெரிய வைத்தியசாலைகளும் கூடிய சிறப்புப் பிரிவுகளும் உண்டு, அங்கே படித்தால் சிங்களமும் வசப்படும் என்பதே எம்மிடம் வந்த வலுவான ஆட்சேபம். அதை நாம் தட்டிக்கழிக்கவில்லை. அரச சேவையில் சேர்பவர் இரண்டாவது அரசகரும மொழியில் தேர்ச்சி பெற வேண்டும் என்பது விதி. தீவிர சிகிச்சையிலோ குழந்தை இருதயப் பராமரிப்பிலோ சிறப்புத் தேர்ச்சி பெற விரும்பும் மாணவிக்கு எமது வரிசை பொருந்தாது. அவள் தெற்கே போகட்டும். மகளைக் கண்ணுக்குள் வைத்திருக்கும் ஆசையில் இந்த அறிக்கையை எடுத்துக்காட்டி, 'பார், யாழ்ப்பாணத்திலேயே படி' என்று எந்தப் பெற்றோரும் வற்புறுத்துவதை நாம் விரும்பவில்லை. எமது ஆலோசனை தீவில் வேலை செய்ய விரும்புபவருக்கு உரியது, விருப்பம் அவளுடையது. சிங்களத்தைச் சேவைக்காலத்திலும் படித்துக்கொள்ளலாம், நோயாளியின் மொழியில் நோயை விசாரிக்கும் கலையைப் பயிற்சிக் காலத்தில் தவறவிட்டால் பிறகு பிடிப்பது கடினம் என்பதால் மட்டுமே எமது தராசு இந்தப் பக்கம் சாய்கிறது.

இனி, எம் ஆலோசனை தாங்காத இடம். பெரும்பாலான பட்டநெறிகளுக்கான அனுமதியில் 40 சதவீதம் திறமை அடிப்படையிலும் 55 சதவீதம் மாவட்ட அடிப்படையிலும் 5 சதவீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகிறது. இந்த முறைக்கு யாழ்ப்பாண மாவட்டம் ஓர் அலகு. நெடுந்தீவு மாணவியும் நகரின் பெரிய கல்லூரி மாணவியும் அதன் கண்ணில் ஒருவரே. தீவகக் கல்வி வலயத்தின் எல்லாப் பாடசாலைகளிலும் உயர்தர விஞ்ஞானப் பிரிவு இல்லை. இருக்கும் இடங்களிலும் பௌதிகவியலுக்கும் இரசாயனவியலுக்கும் ஆசிரியர் நிலைப்பதில்லை. ஆகவே 'எந்தப் பட்டநெறி' என்ற கேள்வி வரை வந்து சேரும் தீவக மாணவர் மிகச் சிலர். உலக சுகாதார நிறுவனத்தின் முதற்பரிந்துரை, அதாவது ஒதுக்குப்புறப் பின்னணியுள்ளவரைச் சேர்ப்பது, இங்கே நடைமுறையில் உடைந்து கிடக்கிறது. மாவட்டத்துக்குள் கல்வி வலய அடிப்படையில் ஒரு சிறு ஒதுக்கீட்டையாவது சுகாதாரப் பட்டநெறிகளுக்கு ஆணைக்குழு பரிசீலிக்க வேண்டும். அது வரும்வரை, தீவக வலயத்துக்கு விஞ்ஞான ஆசிரியர்களை நியமிப்பதும் குறித்த காலம்வரை மாற்றாமல் வைத்திருப்பதும் மாகாணக் கல்வித் திணைக்களத்தின் கடமை.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திடம் நாம் கேட்பது களப்பயிற்சி. தாதியர் மாணவர் ஒவ்வொருவரும் ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவு, நயினாதீவு, நெடுந்தீவு வைத்தியசாலைகளில் ஒன்றில் சில வாரங்கள் தங்கிப் பயில்வது பாடத்திட்டத்தின் மதிப்பிடப்படும் பகுதியாக இருக்க வேண்டும். காலையில் போய் மாலைப் படகில் திரும்பும் சுற்றுப்பயணத்தை நாம் களப்பயிற்சி என்று கொள்ளமாட்டோம். அங்கே சிரேஷ்ட தாதிய உத்தியோகத்தரின் மேற்பார்வையில் இரவுக் கடமை பார்க்க வேண்டும். குடும்பநல உத்தியோகத்தரோடு வீடுவீடாகப் போக வேண்டும். நீரிழிவுக்கும் உயர் குருதியமுக்கத்துக்கும் மாதந்தோறும் மருந்து எடுக்கும் முதியவர் கடல் கொந்தளித்த மாதத்தில் என்ன செய்தார் என்று கேட்டு எழுத வேண்டும். இதற்குத் தங்குமிடம் வேண்டும், பெண் மாணவருக்குப் பாதுகாப்பான தங்குமிடம். மேற்பார்வை செய்யும் தாதியருக்குக் கற்பித்தற் கொடுப்பனவு வேண்டும். இவ்விரண்டும் மாகாண சுகாதாரத் திணைக்களமும் பல்கலைக்கழகமும் சேர்ந்து செய்ய வேண்டியவை. மாணவர் தங்கும் விடுதியைத் திருத்தித் தர முன்வரும் புலம்பெயர் ஊர்ச்சங்கங்களும் உண்டு. அடுத்த விருப்பவரிசைக் காலத்துக்கு முன் இரு நிறுவனங்களும் இதற்கான திட்டத்தை வெளியிட வேண்டும். வெளியிடாவிட்டால், அடுத்த ஆண்டு மாணவருக்கு நாம் வழங்கும் ஆலோசனையில் யாழ்ப்பாணத்தின் இடம் மீளப் பரிசீலிக்கப்படும்.