ஆசனம் காலியாக இருக்காது

தேர்தல் நாளில் வீட்டோடு இருந்துவிடும் எம்மவரைப் பார்த்து, "பொறுப்பில்லாத சனம்" என்று பட்டணத்திலிருந்து சொல்வது சுலபம். நாம் அப்படிச் சொல்ல மாட்டோம். பிறர் தோட்டத்தில் வெங்காயம் பிடுங்கினால்தான் அன்றைக்கு உலை என்றிருக்கும் குடும்பத்துக்கு ஒருநாள் கூலி பெரிது. பெயர் பழைய ஊரின் இடாப்பில், ஆள் இருப்பதோ இரண்டு பஸ் ஏறிப் போகும் தூரத்தில். அடையாள அட்டை இடம்பெயர்ந்த வேளையில் தொலைந்திருக்கும். இவை எல்லாவற்றுக்கும் மேலாக, "ஆர் வந்து எங்கட காணியை மீட்டுத் தந்தவை?" என்ற கேள்வி. 1990இல் வலிகாமம் வடக்கை விட்டு எழும்பியவர்களின் காணிகள் இன்னும் முழுமையாகத் திரும்பாத நிலையில், அந்தக் கேள்வி பிழை என்று எவர் சொல்ல முடியும்?

சனம் சோம்பலால் வராமல் விடுகிறது என்பதையும் நாம் ஏற்கவில்லை. 2013இல் வட மாகாண சபைக்கு முதன்முறையாகத் தேர்தல் வந்தபோது, மூன்றில் இரண்டு பங்கினர் வாக்களித்தனர். ஏதோ கிடைக்கப்போகிறது என்று நம்பினால் எமது மக்கள் வரிசையில் நிற்பார்கள். அந்தச் சபையின் காலம் 2018இல் முடிந்து, ஆண்டுக்கணக்காய் மறுதேர்தல் வைக்கப்படாமல் கிடந்தது வேறு கதை.

ஆனால் ஒரு கணக்கை நாம் பார்த்தே ஆகவேண்டும். 1931இல், சர்வசன வாக்குரிமை வந்த முதற் தேர்தலை யாழ்ப்பாணம் பகிஷ்கரித்தது. வாலிபர் காங்கிரசின் அழைப்பை ஏற்று எவரும் நியமனப் பத்திரம் கொடுக்கவில்லை. நான்கு ஆசனங்களும் 1934வரை வெறுமையாகவே கிடந்தன. எதிர்ப்பு எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது.

இன்றைய விகிதாசார முறையில் அது நடவாது. 1994 பொதுத் தேர்தலில் யாழ். மாவட்டத்தில் நூற்றுக்கு மூன்று பேர்கூட வாக்களிக்கவில்லை. யுத்தச் சூழலில் பெரும்பாலானோருக்கு வாக்களிக்க வழியே இருக்கவில்லை. அப்படியிருந்தும் 10 ஆசனங்களும் நிரம்பின. அவற்றில் 9 ஆசனங்கள் பதினோராயிரத்துக்கும் குறைந்த வாக்குகளைப் பெற்ற ஒரு சுயேச்சைக் குழுவுக்குப் போயின. 2005 ஜனாதிபதித் தேர்தலில் அதே மாவட்டத்தில் ஏழு இலட்சம் பேரளவில் பதிவாகியிருந்தும் வாக்களித்தோர் 8,524 பேர் மட்டுமே. நாடு முழுவதிலும் வெற்றி தோல்வியைத் தீர்மானித்த வித்தியாசம் 180,786 வாக்குகள். அன்று விரும்பி வீட்டிலிருந்தவர் எத்தனை, பயந்து இருந்தவர் எத்தனை என்பது அவரவர் மனச்சாட்சிக்கே வெளிச்சம்.

ஆகவே வீட்டிலிருப்பது ஆசனத்தை வெறுமையாக்குவதில்லை. வேறொருவர் மலிவாக அதில் அமர வழிசெய்கிறது. எவருமே பிடிக்கவில்லையென்றால் வாக்குச்சீட்டைப் பழுதாக்குவோரும் உண்டு. எமக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. என்றாலும் அது நிராகரிக்கப்பட்ட வாக்காகவாவது எண்ணிக்கையில் வரும்.

வாக்களிப்பதும் விடுவதும் உங்கள் தீர்மானம். இடாப்பில் பெயர் இருப்பதை மட்டும் அப்படி விட்டுவிட முடியாது. மாவட்டத்துக்கு எத்தனை ஆசனம் என்பது பதிவான வாக்காளர் தொகையைக் கொண்டே கணிக்கப்படுகிறது. இறந்தோர், வெளிநாடு சென்றோர் பெயர்கள் நீக்கப்பட, யாழ். மாவட்டத்துக்கு 2010இல் இருந்த 9 ஆசனங்கள் 2015இல் 7 ஆகி, 2024இல் 6 ஆகின. முகாமிலோ உறவினர் வீட்டிலோ பதியாமல் இருப்பவர்களும் அந்தக் கணக்கில் இல்லாதவர்களே. இடாப்பு ஆண்டுதோறும் திருத்தப்படுகிறது. கிராம அலுவலரிடம் போகும்போது நிவாரணக் கதையோடு இதையும் கேளுங்கள்: பெயர் எந்த ஊரில் இருக்கிறது, பதினெட்டு வயதான பிள்ளையின் பெயர் சேர்ந்துவிட்டதா, அடையாள அட்டை இல்லாதவருக்குத் தேர்தலுக்கென வழங்கும் தற்காலிக அட்டைக்கு எப்போது விண்ணப்பிக்க வேண்டும்?